தேயிலைச் சரிவில் கேமராவின் உயரம்: ஒரு பொம்மைப் படத்தின் செய்முறைப் பதிவு

கோத்தகிரிக்கு அருகில் நான் ஓவியம் கற்பிக்கும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஓடும் ஸ்டாப் மோஷன் படம் (பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக எடுத்துக் கோப்பது) ஒன்றை எடுத்திருக்கிறோம். கதை சிறியது. ஒரு பாட்டி தான் பறித்த கொழுந்தைப் பேத்தியுடன் எடைக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறார். பை எடை என்றும் ஈரம் என்றும் சொல்லிக் கணக்கர் கிலோவைக் கழிக்கிறார். வரிசையில் முன்னால் நின்றவர்களுக்குக் கழித்ததைவிட இவருக்கு அதிகமாகக் கழிக்கிறார். மறுபடியும் தராசில் போடும்படி பாட்டி கேட்கிறார். வசனம் அநேகமாக இல்லாத படம் என்பதால், அங்கே யார் கை ஓங்கியிருக்கிறது, யார் யாரை எந்த மனத்தோடு பார்க்கிறார் என்பதைக் கேமரா நிற்கும் இடமே சொல்லியாக வேண்டும். அந்த இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொம்மை செய்வது பற்றித் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

கதையில் வரும் பாட்டி தாயகம் திரும்பிய தமிழர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல, நீலகிரியில் கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் படுகர் ஹட்டிகளிலிருந்து (படுகர் இன மக்களின் ஊர்களிலிருந்து) வரும் சிறு விவசாயிகளின் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஆனாலும் "சிலோன்காரங்க" என்று தள்ளி வைத்துப் பேசும் பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை. இதையே படமாக எடுக்கலாம் என்று சொன்னவர்கள் மாணவர்கள்; அதனால் ஒவ்வொரு ஷாட்டையும் வாதாடிப் பார்த்த பிறகே ஒத்துக்கொண்டார்கள்.

செட்டுக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பிளைவுட் பலகையை எடுத்து, முன்பாதியைக் கொட்டகைத் தரையாகச் சமமாக விட்டு, பின்பாதியைச் சுமார் 25 டிகிரி சாய்த்துத் தோட்டச் சரிவாக்கினோம். சரிவின் மேல் தெர்மாகோல் படிகளை ஒட்டி, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளால் மூடிப் போஸ்டர் கலர் பூசினோம். தேயிலைச் செடிக்குக் கரும்பச்சைச் சாயம் ஏற்றிய ஸ்பாஞ்சு போதுமானதாக இருந்தது. கவ்வாத்து செய்து வளர்க்கும் செடியின் தலை தட்டையாக இருக்கும் என்பதால், ஸ்பாஞ்சின் மேல்பக்கத்தைக் கத்தியால் சமமாகச் சீவ வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தேயிலை வெறும் புதராகத் தெரிகிறது. இடையிடையே சில்வர் ஓக் மரங்களாக நேரான குச்சிகளை நட்டோம். பொம்மைகளின் எலும்புக்கூடு 2 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கிச் செய்தது. மார்பையும் இடுப்பையும் எம்-சீல் என்ற இறுகும் பசையால் கெட்டிப்படுத்தினோம். கணக்கர் 19 செ.மீ., பாட்டி 17 செ.மீ., பேத்தி 12 செ.மீ. உயரம். பாதத்தில் சிறு போல்ட் வைத்துப் பலகையின் அடியில் நட்டால் இறுக்கியதால், சரிவிலும் பொம்மைகள் அசையாமல் நின்றன.

யாராவது இதிலிருந்து ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதானால், கேமரா கம்பத்தைச் செய்து பார்க்கும்படி சொல்வேன். டிரைபாடுக்குப் பதிலாக 40 செ.மீ. மர ரீப்பர் ஒன்றைக் கனமான அடிக்கட்டையில் நிறுத்தி, ஒவ்வொரு செ.மீட்டருக்கும் ஒரு துளை போட்டு, கைபேசியைப் பிடிக்கும் கிளாம்பை அந்தத் துளைகளில் முடுக்கும்படி அமைத்தோம். துளைகளுக்கு இடைப்பட்ட உயரங்களை கிளாம்புக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்தோம். கம்பத்தின் ஒரு பக்கத்தில் அளவுகோலும் மறுபக்கத்தில் பெயர்களும் இருக்கின்றன: 10.5 செ.மீ. பேத்தியின் கண், 15.5 பாட்டியின் கண், 17.5 கணக்கரின் கண், 38 சாலை. "லோ ஆங்கிள் வைக்கலாமா, ஹை ஆங்கிள் வைக்கலாமா" என்று தொடங்கிய பேச்சு, பெயர்களை எழுதிய பிறகு "இதை யார் பார்க்கிறார்" என்று மாறியது. படம் முழுவதற்கும் அந்தக் கேள்வியே வழிகாட்டியது.

கைபேசியைத் தலைகீழாகப் பொருத்தினால் லென்ஸ் தரைக்கு மிக அருகில் வந்துவிடும். அதற்கும் கீழே இறங்க வேண்டிய ஷாட்டுகளுக்காக முழுச் செட்டையும் செங்கற்களின் மேல் ஏற்றி வைத்தோம். அப்போது லென்ஸைக் கொட்டகைத் தரைமட்டத்துக்கும் கீழே வைக்க முடிகிறது. 1941இல் வந்த சிட்டிசன் கேன் படத்தில் இதே தேவைக்காக ஸ்டுடியோத் தரையையே வெட்டிக் கேமராவைப் பள்ளத்தில் இறக்கினார்கள் என்று சொன்னபோது மாணவர்களுக்கு மிகுந்த உற்சாகம். பொம்மைப் படக்காரர்களுக்கு அந்த வேலை நான்கு செங்கல்லில் முடிந்துவிடுகிறது.

மலைச் சரிவில் எதை மட்டமென்று கொள்வது என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கேமராவைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்தால் தோட்டம் சமவெளிபோலவும் மரங்கள் விழப்போவதுபோலவும் தெரியும். பார்ப்பவர் மனத்தில் காரணமில்லாத பதற்றம் எழும். அந்தப் பதற்றம் வேண்டுமென்றே சாய்த்து எடுக்கும் ஷாட்டுக்கு உரியது. ஆகவே ரசமட்டத்தைக் கைபேசியின் விளிம்பில் வைத்தும், நூலில் நட்டைக் கட்டிய தூக்குக்குண்டைச் சில்வர் ஓக் குச்சியின் அருகே தொங்கவிட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தோம். மரம் செங்குத்தாக இருந்தால், சரிவு எவ்வளவு கடுமையானது என்பது பார்ப்பவருக்குத் தானே புரிந்துவிடும்.

பின்திரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான வெளியில் அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்திலேயே இருக்கும். நாம் உட்கார்ந்தால் அதுவும் தாழ்கிறது, எழுந்தால் அதுவும் உயர்கிறது. மேசைமேல் வரைந்து ஒட்டிய மலைத்தொடரோ அசையாது. எனவே லென்ஸை 38 செ.மீட்டரிலிருந்து 7.5க்கு இறக்கினால், ஓவியத்தின் அடிவானம் பொருந்தாமல் பொம்மை ஒரு சுவருக்கு முன்னால் நிற்பதுபோல் ஆகிவிடும். பின்திரையை ஒரு கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, லென்ஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு அதன் அடிவானக் கோட்டை ஏற்றி இறக்கினோம். இதனால் வேறொரு பலனும் கிடைத்தது. அடிவானம் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே போனால் அவர் ஆகாயத்தின் முன் நிமிர்ந்து நிற்கிறார். அது தலைக்கு மேலே போனால் மண்ணும் செடியும் அவரைச் சூழ்ந்துகொள்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் வெளிச்சம் துடிக்காமல் இருக்க, பேட்டரியில் எரியும் எல்இடி விளக்குகளைப் பயன்படுத்தினோம். ஃபோகஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு), வெள்ளைச் சமநிலை நான்கும் படத்துக்குப் படம் மாறாதபடி பூட்டி வைத்தோம். காலைக் குளிரில் களிமண் இறுகிவிடும் என்பதால் தலைகளையும் கைகளையும் வெந்நீர்ப் பையின் மேல் துணி விரித்துச் சற்று வைத்திருந்து எடுத்தோம். விநாடிக்கு 12 படங்கள் என்ற கணக்கில் எடுத்தோம். 24 பிரேமில் ஓடும்போது ஒவ்வொரு படமும் இரண்டு பிரேம் நிற்கும்.

எடை போடும் காட்சிக்கு முதலில் பாடப்புத்தக முறையிலேயே இரண்டு சோதனை ஷாட்டுகள் எடுத்தோம். கணக்கரை 40 செ.மீ. தொலைவிலிருந்து, லென்ஸை 7.5 செ.மீ. உயரத்தில் வைத்து அண்ணாந்து பார்த்தோம். கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள வித்தியாசம் 10 செ.மீ. என்பதால் கோணம் 14 டிகிரி. பாட்டியை 38 செ.மீ. உயரத்திலிருந்து, 32 செ.மீ. தள்ளி, சுமார் 35 டிகிரி கீழ்நோக்கிப் பார்த்தோம். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியபோது சொல்ல வந்தது தெளிவாக வந்தது: அவர் பெரியவர், இவர் சிறியவர். வகுப்பில் பலருக்குத் திருப்தி. பாட்டி வீட்டில் வளரும் மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து சொன்னாள்: "சார், மேல இருந்து எடுத்தா பாட்டி பாவமாத்தான் தெரியறாங்க. எங்க பாட்டி அப்படி இல்ல சார். மேஸ்திரியே அவங்ககிட்ட யோசிச்சுத்தான் பேசுவாரு."

அவள் சொன்னதை அன்று முழுதும் பேசினோம். கீழ்நோக்கும் கோணம் பாட்டியின் பலவீனத்தைக் காட்டுகிறது என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அது காட்டுவது பார்ப்பவர் நிற்கும் இடத்தை. கம்பத்தில் 38 செ.மீ. என்பதற்கு எதிரே "சாலை" என்று எழுதியிருப்பதும் அதனால்தான். நீலகிரியில் பல சாலைகளிலும் காட்சிமுனைகளிலும் நிற்பவருக்குத் தோட்டம் காலடியில் விரிகிறது. அங்கிருந்து எடுக்கப்படும் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பச்சையின் நடுவே வண்ணப் புள்ளிகளாக இருப்பார்கள், முகம் இருக்காது. கணக்கர் இளக்காரத்தோடு பார்த்தாலும் நாம் இரக்கத்தோடு பார்த்தாலும், கேமரா அதே உயரத்தில் நின்றால் பாட்டி அதே அளவுக்குத்தான் சிறுத்துப்போகிறார். ஒருவரைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட பார்வை அது. இரக்கப்படுவதற்காக வைக்கும் கோணத்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்பது இப்போது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருந்த கார்ட்டூன் படங்களை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தோம். 1994இன் லயன் கிங்கில் வில்லன் சிங்கமான ஸ்கார் தன் திட்டத்தைப் பாடும் காட்சியில், அவன் உயர்ந்த பாறையில் நிற்க, கழுதைப்புலிகள் கீழே அணிவகுத்து நடக்கின்றன. 1935இல் ஜெர்மனியில் வெளியான நாஜிப் பிரசாரப் படமான டிரயம்ப் ஆஃப் த வில்லின் சாயலை அந்தக் காட்சிக்குத் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள். தலைவனை அண்ணாந்தும் கூட்டத்தைக் குனிந்தும் பார்ப்பது அதிகாரத்தைக் கொண்டாட எவ்வளவு எளிதாகப் பயன்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. ஆனால் கழுதைப்புலிகளைக் கவனித்த ஒரு மாணவன், அவை தனித்தனி முகங்களாக அல்லாமல் ஒரே மந்தையாகவே அந்த அணிவகுப்பில் வருகின்றன என்று சுட்டிக்காட்டினான். உயரத்திலிருந்து பார்ப்பதன் விளைவு அது.

2016இன் ஜூடோபியாவில் முயல் போலீஸ்காரி ஜூடி, பெரிய விலங்குகளுக்காகச் செய்த நாற்காலிகளும் மேசைகளும் உள்ள அறையில் தொலைந்துபோகிறவள்போல் இருக்கிறாள். திருடனைத் துரத்திக்கொண்டு சிற்றெலிகளின் குடியிருப்புக்குள் நுழைந்ததும் அதே ஜூடி கட்டடங்களைவிட உயரமான பூதமாகிவிடுகிறாள். அவள் உடல் மாறவில்லை, அளவுகோலாக நிற்பவர்கள் மாறினார்கள். பாரபட்சத்தைப் பற்றிய படம் ஒன்று அதைக் காட்சியமைப்பிலேயே சொல்லிவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதிக நேரம் பேசியது டாம் அண்ட் ஜெர்ரியைப் பற்றித்தான். 1940இல் வந்த முதல் படத்திலிருந்தே அந்த வீட்டில் ஒரு கறுப்பினப் பணிப்பெண் வருகிறார். கேமரா பூனையின் உயரத்தில் இருப்பதால் அவருடைய காலும் பாவாடையும் துடைப்பமும்தான் பெரும்பாலும் தெரியும், முகம் வராது. கோணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது கீழிருந்து மேலே பார்க்கும் ஷாட், பூனைக்கு அவர் ஆட்சியாளர். ஆயினும் அமெரிக்கத் திரையில் கறுப்பினப் பெண்களைப் பற்றி ஏற்கெனவே நிலைத்திருந்த கேலிச் சித்திரத்தின் பேச்சையும் உடலையும் கொடுத்துவிட்டு முகத்தை மட்டும் கொடுக்காமல் விட்டபோது, அவர் ஒரு தனி மனிதராக ஆகவே முடியவில்லை. தாழ்ந்த கோணம் தானாகவே ஒருவருக்கு மதிப்பைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகு கேமராவைப் பேத்தியின் கண் உயரமான 10.5 செ.மீட்டருக்கு இறக்கினோம். அங்கிருந்து பார்த்தால் பாட்டியும் கணக்கரும் இருவருமே உயர்ந்து நிற்கிறார்கள். 30 செ.மீ. தொலைவில் பாட்டியின் முகத்துக்குக் கோணம் 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவே போதும், தாடையும் கழுத்தும் தெரிந்து முகத்தில் ஓர் உறுதி வந்துவிட்டது. கணக்கரை அச்சுறுத்துபவராகவும் பாட்டியை மதிப்புக்குரியவராகவும் ஒரே கோணத்திலிருந்து வேறுபடுத்துவது எப்படி என்ற கேள்வி அடுத்து வந்தது.

விடை தொலைவில் இருந்தது. அதே 14 டிகிரிக் கோணத்தை மூன்று தொலைவுகளில் எடுத்து ஒப்பிட்டோம். கைபேசியின் அகன்ற லென்ஸில், 16 செ.மீ. தள்ளி, 13.5 செ.மீ. உயரத்தில் வைத்தபோது கணக்கர் நீட்டியிருந்த நோட்டும் பேனா பிடித்த விரல்களும் திரையை அடைத்துக்கொண்டன. தலை தொலைவில் சிறியதாகத் தெரிந்தது. அங்கே அவருக்கு மனம் இருப்பதாகவே தோன்றவில்லை, கை மட்டுமே இருந்தது. சாதாரண லென்ஸில் 40 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தபோது அவர் ஓர் அதிகாரி. இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் 80 செ.மீ. தள்ளி, லென்ஸைத் தரைக்குக் கீழே 2.5 செ.மீ. இறக்கிப் பார்த்தபோது கையும் முகமும் உரிய அளவுக்குத் திரும்பின. பின்னாலிருந்த மலைத்தொடர் அருகில் வந்து நின்றது. அவர் நிதானமான, மதிக்கத்தக்க மனிதராகத் தெரிந்தார். பொம்மையும் ஒன்று, வெளிச்சமும் ஒன்று, கோணமும் ஒன்று. கோணத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் இந்தப் பகுதி விடுபட்டுப்போகிறது. நெருக்கமும் விலகலும் சேராமல் கோணத்துக்குப் பொருள் இல்லை.

ஆகவே கிலோவைக் கழித்து எழுதும் தருணத்தைக் கணக்கரின் கைக்கு மிக நெருக்கமாக, அகன்ற லென்ஸில் எடுத்தோம். "திரும்பப் போடுங்க" என்று பாட்டி கேட்கும் தருணத்தை 80 செ.மீ. தொலைவிலிருந்து, லென்ஸைத் தரைக்குக் கீழே 4.5 செ.மீ. இறக்கி எடுத்தோம். தரையின் விளிம்பு பாதங்களை மறைத்துவிட்டாலும், இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து (கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் முரட்டுத் துணி) தலைத்துணி வரை ஆகாயத்தின் முன் தெளிவாக விழுகிறது.

சரிவு கற்றுக்கொடுத்தது வேறொன்று. பாட்டி மேலேயிருந்து பையுடன் இறங்கி வருகிறார். கணக்கர் கீழே கொட்டகையில் நிற்கிறார். கணக்கரின் தோளுக்குப் பின்னாலிருந்து மேல்நோக்கி எடுத்தால் உயரத்தில் இருப்பவர் பாட்டிதான், கோணமும் அவருக்குச் சாதகமானதுதான். ஆனால் திரையின் பாதியைக் கணக்கரின் முதுகு அடைத்துக்கொண்டு, மீதியில் பாட்டி விரல் அளவுக்குத் தெரிந்தால், மேட்டில் நிற்பதால் அவருக்கு எந்தப் பலமும் கிடைப்பதில்லை. காவல்காரரைக் கடந்து வர வேண்டியவராகவே தெரிகிறார். மலையில் மேலே இருப்பவர் பெரியவர் என்ற கணக்கு செல்லுபடியாகாது. அந்த ஷாட்டை வைத்துக்கொண்டோம், ஏனென்றால் கொட்டகைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் பாட்டி எதைக் கடக்கிறார் என்பதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது.

கணக்கரின் தலையையே காட்டாமல் விட்டுவிடலாம் என்று ஒரு தரப்பு விரும்பியது. டாம் அண்ட் ஜெர்ரியின் பணிப்பெண்ணுக்குச் செய்ததை நாம் கணக்கருக்குச் செய்யலாமா என்று மறுதரப்பு கேட்டது. இதில் நான் மறுதரப்பின் பக்கம். முகமில்லாதவர் அநியாயம் செய்தால் அது இயற்கைச் சீற்றம்போல் ஆகிவிடும், யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அதனால் மறுபடி எடை போடும் காட்சியில் லென்ஸைப் பாட்டியின் கண் உயரமான 15.5 செ.மீட்டரில் நிறுத்தி, தராசின் வட்ட முகப்பை நடுவில் வைத்து, இருவரையும் இரு பக்கத்திலும் ஒரே தொலைவில் எடுத்தோம். உயர வித்தியாசம் 2 செ.மீ. மட்டுமே. முள் நிற்கிறது, கணக்கர் பாட்டியைப் பார்க்கிறார், எண்ணை அடித்துத் திருத்துகிறார். படத்தில் அவர் முகம் முழுதாகத் தெரியும் ஒரே இடம் அது.

ஷாட்டுக்குள் கேமராவை ஏற்றி இறக்குவதைத் தவிர்த்தோம். கம்பத்தில் அதற்கான திருகு இல்லை. அதோடு, பார்வை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுவதை வெட்டிக் காட்டினால்தான் அது வேறொருவரின் கண் என்பது புரிகிறது.

முதல் தொகுப்பை, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு பாட்டியம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். அவர் எடைக் காட்சியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாட்டி சரிவில் இறங்கும் ஷாட்டை மறுபடி போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பை நெறஞ்சா இப்படி நிமிந்து நடக்க முடியாது கண்ணு, கழுத்து முன்னால வந்துரும்" என்றார். பொம்மையின் முதுகை வளைத்துப் பார்த்தோம். இடுப்பை 30 டிகிரி முன்னால் சாய்த்தால் கண் உயரம் 15.5 செ.மீட்டரிலிருந்து ஏறக்குறைய 14க்கு இறங்குகிறது, முகம் தரையை நோக்குகிறது. பாட்டியின் கண் உயரத்தில் இருந்த லென்ஸுக்குத் தலைத்துணியும் பையும் மட்டுமே தெரிகின்றன. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கேமரா அவரைவிடக் குனிந்தாக வேண்டும். அவர் நிற்கும் இடத்துத் தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் லென்ஸை வைத்தபோது கண்கள் கிடைத்தன. பக்கத்தில் நடந்துவரும் பேத்தியின் கண் உயரத்துக்கும் அது சற்றுக் கீழே என்பதால், அவள் பாட்டியை நிமிர்ந்து பார்க்கும்படி தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஒரு ஷாட்டை மட்டும் புதிய நடையோடு, அடி எடுத்து வைப்பதற்கு முன் கூடுதலாக நான்கு படங்கள் நிறுத்தி, மறுபடியும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.